மின் அடாப்டரைத் தேர்ந்தெடுத்தல்

ஓய்வு நேரங்களில் சிறு மின்னணுக் கருவிகளைச் செய்து பார்க்கும் வழக்கம் நம் மாணவரிடையே இருப்பது மகிழ்தற்குரியதே. ஆயின், கருவியின் உறுப்புக்களைப் பன்முறை ஆராய்ந்து வாங்குவோரும், அதற்கு மின்சாரம் ஊட்டும் அடாப்டரை மட்டும் வீட்டில் கிடக்கும் பழம்பொருள்களினின்று கைக்கு அகப்பட்டவாறு எடுத்துச் செருகிவிடுகின்றனர். பல நாள் உழைப்பு ஒரு நொடியிற் கருகிப்போவதற்கு இஃதொன்றே போதும்.

நம் நாட்டு வீடுகளுக்கு வருவது 230 வோல்ட்டு மாறுதிசை மின்சாரம். சிறு கருவிகள் வேண்டுவதோ பெரும்பாலும் 5, 9 அல்லது 12 வோல்ட்டு நேர்திசை மின்சாரம். இவ்விரண்டிற்கும் இடைநின்று மாற்றித் தருவதே அடாப்டரின் தொழில். நாம் அறியவேண்டுவன அதன் முதுகிலே பொடியெழுத்தில் அச்சிடப்பட்டுள்ளன. அவற்றுள் ‘இன்புட்’ என்னும் வரியை விடுத்து, ‘அவுட்புட்’ என்னும் வரியையே நோக்குக.

அவ்வரியில் வோல்ட்டு, ஆம்பியர் என இரண்டு அளவுகள் இருக்கும். வோல்ட்டு கருவி கேட்கும் அளவாகவே இருத்தல் வேண்டும். ஆம்பியரோ மிகுந்திருப்பினும் குற்றமில்லை. 3 ஆம்பியர் அடாப்டர் சிறு கருவியை எரித்துவிடும் என்று அஞ்சுவோர் உளர். கிணற்றில் நீர் எவ்வளவு இருப்பினும் குடம் தன் கொள்ளளவே முகக்கும். கருவியும் அவ்வாறே தனக்கு வேண்டிய மின்னோட்டத்தை மட்டும் இழுக்கும். குறைவுதான் தீங்கு. அப்பொழுது அடாப்டர் சூடேறும், வோல்ட்டு தாழும், கருவி காரணமின்றி நின்று நின்று இயங்கும்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். ‘ஆர்டுவினோ ஊனோ ஆர்3’ என்னும் பலகையைக் கொண்டு, 30 வண்ண எல்.இ.டி. விளக்குகள் உள்ள பட்டை ஒன்றை ஒளிரச்செய்ய விரும்புகிறோம். ‘டபிள்யூ.எஸ். 2812பி’ வகை விளக்கு ஒன்று முழு வெண்மையில் ஏறத்தாழ 60 மில்லி ஆம்பியர் கொள்ளும், முப்பதுக்கும் 1.8 ஆம்பியர். பலகைக்குச் சிறிது கூட்டி, நாலில் ஒரு பங்கு மிச்சமும் விட்டால் 2.3 ஆம்பியர் ஆகும். ஆகவே 5 வோல்ட்டு, 3 ஆம்பியர் அடாப்டர் பொருந்தும்.

அதை எங்கே இணைப்பது என்பதிலும் கருத்து வேண்டும். அப்பலகையின் உருண்டைத் துளை 7 முதல் 12 வோல்ட்டு வரை ஏற்பதற்கு அமைந்தது; அங்குள்ள சீராக்கியே அதை 5 ஆகக் குறைக்கிறது. மிகுதி முழுதும் வெப்பமாகிவிடும்: 12 வோல்ட்டு கொடுத்து 200 மில்லி ஆம்பியர் இழுத்தால் வீணாவது 1.4 வாட்டு, விரலை வைக்கவொண்ணாது. நம் 5 வோல்ட்டு அடாப்டரை விளக்குப் பட்டைக்கு நேராகவும், பலகையின் ‘5வி’ முனைக்குத் தனிக்கம்பி வழியாகவும் கொடுத்து, எதிர்முனைகளை ஒன்றுசேர்த்தலே தக்கது. அம்முனை சீராக்கியைத் தாண்டியது. 9 வோல்ட்டை அங்கே கொடுத்தால், 6 வோல்ட்டையே உச்சவரம்பாக உடைய அதன் சில்லு மீளாது.

முனைகளின் நேர், எதிர் குறிகளையும் மறத்தலாகாது. இப்பலகைக்கு நடுமுள் நேர்முனையாதல் வேண்டும். கிதார் இசைக்குரிய மிதிகருவிகளின் அடாப்டர்களிற் பல நடுவை எதிர்முனையாக உடையன. செருகியோ பார்வைக்கு ஒன்றே! வட்டத்தின் நடுவே புள்ளியிட்ட சிறுபடம் அடாப்டர்மேல் இருக்கும். அதனருகிலுள்ள குறிகளே இதனைத் தெரிவிப்பன.

கைப்பேசிச் சார்ஜர் ஆகாதோ எனின், 5 வோல்ட்டுக் கருவிக்கு ஆம்பியர் போதுமாயின் ஆகும். ‘5வி, 9வி’ என இரண்டும் எழுதியிருப்பது கண்டு அஞ்சவேண்டா. எதிரிலுள்ள கருவி முறைப்படி கேட்டாலன்றி அது 9 வோல்ட்டைத் தருவதில்லை.

கையிற் கனக்கும் பழைய டிரான்ஸ்பார்மர் வகையை மட்டும் நாம் ஐயத்துடனே நோக்குவோம். சீராக்கி இல்லாத அவ்வகையில் 9 வோல்ட்டு என்று எழுதியிருப்பினும், சுமையின்றி அளந்தால் 12-க்கு மேலும் காட்டும். சென்னை ரிச்சி தெருவிற் புதிது வாங்குவோர், இந்தியத் தர அமைவனத்தின் குறியும் ‘ஆர்’ என்னும் எழுத்தோடு தொடங்கும் பதிவெண்ணும் உளவா என்று பார்த்து வாங்குக. எவ்வகையாயினும், கருவியோடு சேர்க்குமுன் மல்டிமீட்டரின் இரு முனைகளையும் செருகியில் வைத்து, வோல்ட்டையும் நேர் எதிரையும் ஒருமுறை அளந்து கொள்க. ஒரு நிமிடமும் ஆகாது.