மாதா மாதம் துடிக்க வைக்கும் வலியா?

கொல்லிமலை செம்மேட்டுப் பக்கம் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறாள் மகள். 'மாசா மாசம் வர்றதுதானே... கல்யாணம் ஆனா சரியாயிடும்' என்கிறார் பாட்டி. 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி டாக்டரைப் பார்க்க ஒரு நாள் பொழுது போய்விடும். அதனால் கஷாயத்தோடு விட்டுவிடுகிறார்கள். சமவெளியில் மட்டும் என்ன வாழ்கிறது? உங்கள் வீட்டிலும் இதே பேச்சுதானே!

அந்த வலிக்குக் காரணம் 'எண்டோமெட்ரியோசிஸ்' ஆக இருக்கலாம். கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு சினைப்பை, குடல், இடுப்புக்குழிச் சுவர் என்று வெளியே வளர்வதுதான் இது. பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

வெளியே எப்படிப் போகிறது?

மாதவிலக்கு ரத்தத்தில் கொஞ்சம் கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் போகிறது. இது 1920-களில் அமெரிக்க டாக்டர் ஜான் சாம்ப்சன் சொன்ன விளக்கம். ஆனால் பெரும்பாலான பெண்களுக்கு இப்படிப் போகிறதே, எல்லோருக்கும் ஏன் நோய் வரவில்லை?

இங்கேதான் எதிர்ப்பு சக்தி செல்கள் வருகின்றன. மிளகுத் தோட்டத்தில் களை முளைத்தால் உடனே பிடுங்குவோம் அல்லவா? வயிற்றுக்குள் அந்த வேலையைச் செய்பவை 'நேச்சுரல் கில்லர்' செல்களும், குப்பையை விழுங்கும் 'மேக்ரோஃபேஜ்' செல்களும். இந்த நோயில் முதல் வகை சோர்ந்துவிடுகிறது. இரண்டாவது வகையோ களைக்கே தண்ணீர் பாய்ச்சுகிறது! புது ரத்தக் குழாய்களும் நரம்புகளும் வளர அது உதவுவதால் வீக்கமும் வலியும் கூடுகின்றன. கருப்பை உட்சவ்வில் உள்ள நேச்சுரல் கில்லர் செல்களுக்கு வேறு வேலை: கரு தங்க ரத்தக் குழாய்களைத் தயார் செய்வது. இந்த நோயில் அவையும் மாறுகின்றனவா, குழந்தைப்பேறு தாமதமாவதில் அவற்றுக்குப் பங்கு உண்டா என்று ஆராய்கிறார்கள். ஆனால், ரத்தத்தில் இந்த செல்களை எண்ணி நோயைக் கண்டுபிடிக்க முடியாது. அதற்காகப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

எப்போது டாக்டரிடம் போவது?

பள்ளிக்கோ வேலைக்கோ போக முடியாத வலி, அந்த நாட்களில் மலம், சிறுநீர் கழிக்கையில் வலி, தாம்பத்தியத்தில் வலி, குழந்தைப்பேறு தாமதம்... இதில் எது இருந்தாலும் மகளிர் நோய் டாக்டரைப் பாருங்கள். வலி வந்த தேதிகளைக் காலண்டரில் குறித்து எடுத்துப் போங்கள். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றாலும் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. வலி மாத்திரை, ஹார்மோன் மாத்திரை, தேவைப்பட்டால் லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன் என்று வழிகள் உண்டு. அடியோடு குணமாகாது, ஆனால் கட்டுக்குள் வைக்கலாம்.

கல்யாணம் இதற்கு மருந்தல்ல. அடுத்த முறை உங்கள் மகள் 'வலிக்குதும்மா' என்றால், முதலில் நம்புங்கள்!