தினமும் ஓர் அதிகாரம்



ஜனவரியில் ஆதியாகமத்தைத் தொடங்கும் நம்மில் பலர் லேவியராகமத்தில் நின்றுவிடுகிறோம். சோர்ந்துபோக வேண்டாம். சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் 1708-ல் தொடங்கிய புதிய ஏற்பாட்டுத் தமிழாக்கம் முடிந்தது 1711-ல். அச்சாகி வெளிவந்தது 1715-ல். நாள்தோறும் சிறிது சிறிதாய்ச் செய்த ஊழியம் அது. வாசிப்பும் அப்படியே.

புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வாரம் ஐந்து நாள், நாளுக்கு ஓர் அதிகாரம் வாசித்தால் 52 வாரத்தில் முடியும். தவறவிட்டதை வாசிக்க மற்ற இரண்டு நாட்கள் உண்டு.

தலைச்சோலை போன்ற எங்கள் மலைக் கிராமங்களில் காலையிலேயே காப்பித் தோட்டத்துக்குப் புறப்படுகிறவர்களுக்கு இராச் சாப்பாட்டுக்குப் பின் வரும் நேரமே ஏற்றது. எழுத்தறியாத பெரியோருக்கும் வியாதிப்படுக்கையில் இருப்போருக்கும் பிள்ளைகள் சத்தமாய் வாசிக்கட்டும்.

வாசித்ததில் ஒரு வசனத்தை மனதில் வைத்து ஜெபியுங்கள். அந்த ஜெபத்தில் எங்கள் நோயாளிகளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.