காட்டத் தகாத ஏடுகள்

மலையகத் தமிழரின் வரலாறு ஒரு வகையில் காகிதங்களின் வரலாறே என்று நான் என் மாணவர்களிடம் சொல்வதுண்டு. 1921ஆம் ஆண்டில் ஒழிக்கப்படும்வரை, ‘துண்டு’ எனப்பட்ட கடன் சீட்டின்றி ஒரு தொழிலாளி தோட்டம் விட்டுத் தோட்டம் மாற இயலாதிருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தந்தைவழி முன்னோர் இந்நாட்டில் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. அதைக் காட்ட இயலாத பல இலட்சம் மக்கள் நாடற்றோராயினர். 1964இல் செய்துகொண்ட உடன்படிக்கையோ 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனத் தலைக்கணக்கில் பங்கிட்டது. ஒரு பட்டியலில் பெயர் இருப்பதும் இல்லாதிருப்பதும் எத்தகைய விளைவைத் தரும் என்பதை இம்மக்களுக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை.

ஆகையால் ஏடுகளே வேண்டாம் என்பது என் கருத்தன்று. ஹல்துமுல்லைப் பிரிவைச் சேர்ந்த மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் மண்சரிவு லயங்களை மூடியபோது, காணாமற்போனோர் எத்தனை பேர் என்பதற்கே முதல் நாட்களில் வெவ்வேறு கணக்குகள் கூறப்பட்டன. செம்மையான ஏடு வேண்டும்; அதனை யாருக்குக் காட்டுவது, யாருக்குக் காட்டாதிருப்பது என்ற விவேகமும் உடன் வேண்டும்.

இவ்விவேகம் இன்று புதியதொரு துறையில் தேவைப்படுகின்றது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் கணினி பயின்று வருகின்றனர். பாடசாலை வரவேட்டைக் கணினியில் ஏற்ற வேண்டுமாயின், நாம் அவர்களையே நாடுகிறோம். அவர்களோ நிரல் எழுதுவதற்குச் செயற்கை நுண்ணறிவு உதவியாளரைத் துணைக்கு அழைக்கின்றனர். நல்ல துணைதான், ஒரு வாரத்து வேலையை ஒரு பொழுதில் முடிக்கவும் வல்லது. ஆனால் இவ்வுதவியாளர்களிற் பெரும்பாலானவை நம் கணினிக்குள் குடியிருப்பனவல்ல. செயற்றிட்டக் கோப்புறையைத் திறந்து வைத்தால், வேண்டியவை எனத் தாம் கருதும் கோப்புகளைப் படித்து, அவற்றின் பகுதிகளைத் தொலைவிலுள்ள சேவையகத்துக்கு அனுப்பியே விடை பெறுகின்றன.

அக்கோப்புறையில் நிரலோடு மாணவர் பதிவேடும் கிடக்கிறது என வைத்துக்கொள்வோம். அதில் பெற்றோரின் அடையாள அட்டை இலக்கம் இருக்கும். அது வெறும் எண்ணன்று. பிறந்த ஆண்டும், அவ்வாண்டில் எத்தனையாம் நாள் என்பதும் அதனுள் அடங்கியுள்ளன. பெண்ணாயின் நாட்கணக்குடன் 500 கூட்டப்பட்டிருக்கும். பிள்ளைகளைப் பற்றிய தகவல்களையோ, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் விசேட வகையினவாகவே கொள்கிறது. நம்மை நம்பிப் பெற்றோர் தந்த விபரத்தை, அவர்கள் அறியாத இடத்துக்கு அனுப்ப நமக்கு என்ன உரிமை உண்டு?

இது சிற்றூரார் மட்டும் எதிர்நோக்கும் இடர் அன்று. 2023ஆம் ஆண்டில் தென்கொரியாவின் சாம்சங் நிறுவனப் பொறியியலாளர் சிலர் நிறுவனத்தின் மூல நிரலைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்துவிட்டமை வெளியாயிற்று; அந்நிறுவனம் இத்தகைய கருவிகளின் பயன்பாட்டுக்கே தடை விதித்தது.

பரிகாரம் கடினமானதன்று. கர்சர் என்னும் கருவிக்குக் ‘கர்சர்இக்னோர்’, கூகுளின் ஜெமினி உதவியாளருக்கு ‘ஏஐஎக்ஸ்க்ளூட்’ எனப் புள்ளியிட்டுத் தொடங்கும் சிறு கோப்புகள் உண்டு. படிக்கலாகாத கோப்புகளின் பெயர்களை அவற்றில் வரிக்கு ஒன்றாக எழுதி வைத்தாற் போதும். கடவுச்சொற்களும் திறவுச் சாவிகளும் உள்ள ‘என்வ்’ கோப்பு, தரவுத்தளப் பிரதிகள், பெயர்ப் பட்டியல்கள் ஆகியன அங்கே முதலிடம் பெற வேண்டும்.

இரகசியம் இல்லாதவற்றையும் விலக்குவது நன்று. பிறர் எழுதிய நூலகக் கோப்புகள், பழைய பிரதிகள், யந்திரமே உண்டாக்கிய வெளியீடுகள் யாவும் உதவியாளரின் கவனத்தைச் சிதறடிப்பன. ஒரே வேளையில் அது மனத்திற் கொள்ளக்கூடியது ஓர் அளவுக்கு உட்பட்டதே. கூடையில் முற்றிய இலை கலந்தால் தேயிலையின் தரம் கெடும் என்பதைக் கொழுந்து பறிப்போர் நன்கறிவர்.

எனினும் விலக்குப் பட்டியலை இரும்புக் கதவாக எண்ணிவிடலாகாது. கட்டளைகளை இயக்கும் உரிமை பெற்ற உதவியாளர், விலக்கிய கோப்பையும் வேறு வழியாகப் படித்துவிடக் கூடும். ‘கிட்’ என்னும் பதிவு முறையிலும், முன்னரே சேர்த்துவிட்ட கோப்பைப் பின்னர் ‘கிட்இக்னோர்’ பட்டியலில் எழுதுவதனால் அதன் பழைய பிரதிகள் அழிவதில்லை. வெளிப்பட்டுவிட்ட கடவுச்சொல்லை உடனே மாற்றுவதே முறை.

உறுதியான காவல் ஒன்றே: உண்மையான பதிவேடு செயற்றிட்டக் கோப்புறைக்குள் வரவே கூடாது. நிரலைச் சோதிக்கக் கற்பனைப் பெயர்கள் பத்து போதும். அப்பெயருடைய பிள்ளை எந்த லயத்திலும் இல்லாதிருந்தாற் சரி. நிரல் முடிந்து, உதவியாளரும் விடைபெற்ற பின்னர், பாடசாலைக் கணினியில் உண்மை ஏட்டை ஏற்றிக்கொள்ளலாம்.

கணினி கற்பிக்கும் ஆசிரியர்களிடம் நான் வேண்டுவது இதுவே. நிரலின் முதல் வரியை எழுதச் சொல்லுமுன், விலக்குப் பட்டியலின் முதல் வரியை எழுதச் சொல்லுங்கள். காகிதத்தால் அலைக்கழிந்த ஒரு சமூகத்தின் பிள்ளைகள், பிறரின் ஏடுகளைக் காப்பதில் எவருக்கும் பின்னிற்கலாகாது.