விதைக்குள்ளேயே தண்ணீர் வைத்திருக்கும் விஷமூங்கில்

சாலையின் நடுத்திட்டிலும் பூங்கா ஓரங்களிலும் இந்தச் செடியைப் பார்த்திருப்பீர்கள். முழங்கை நீளத்துக்கும் மேலான பச்சை இலைகள் வட்டமாக விரிந்திருக்கும். அவற்றின் ஊடே எழும் தடித்த தண்டின் உச்சியில், ஒடுங்கிய ஆறு இதழ்களோடு வெள்ளைப் பூக்கள் கொத்தாக மலரும். தமிழில் இதற்கு விஷமூங்கில் என்று பெயர். மூங்கிலுக்கும் இதற்கும் எந்த உறவும் கிடையாது. கிரைனம் என்னும் பேரினத்தைச் சேர்ந்த, கிழங்கிலிருந்து முளைக்கும் செடி இது. 1753-இல் லின்னேயஸ் வகைப்படுத்திய அந்தப் பேரினத்தில் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. ஆப்பிரிக்காவில் மிகுதியாகவும், ஆசியா, ஆஸ்திரேலியா, அமெரிக்கக் கண்டங்களில் பரவலாகவும் வளர்கின்றன.

இவற்றில் பெரும்பாலானவை ஆற்றங்கரை, சதுப்பு, மழைக்கு மட்டும் நீர் தேங்கும் பள்ளம் போன்ற இடங்களில் வாழ்பவை. வெள்ளம் வந்தால் மூழ்கும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் நிலம் அது. இரண்டையும் தாங்க இந்தச் செடிகள் கிழங்கை நம்பியிருக்கின்றன. வெங்காயம் போல அடுக்கடுக்கான அந்தக் கிழங்கில் நீரும் மாவும் சேர்ந்திருக்கும். தடித்த வேர்களில் சில சுருங்கிச் சுருங்கிக் கிழங்கை மண்ணுக்குள் ஆழமாக இழுத்துக்கொள்ளும். ஆப்பிரிக்க இனங்கள் சிலவற்றில் கோடையில் இலை நுனி கருகிப்போனாலும், மழை வந்ததும் அதே இலை அடியிலிருந்து மறுபடி நீளும். அதனால் அவற்றின் இலைகள் கத்தரித்துவிட்டதுபோல முனை மழுங்கி இருக்கும்.

விஷமூங்கில் பூ மாலையில் விரியும். இருட்டியதும் மணம் கூடும். நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட பெரிய அந்துப்பூச்சிகளுக்கான அழைப்பு அது. பூக்குழலின் அடியில் இருக்கும் தேனை அவற்றால்தான் எட்ட முடியும். நர்சரிகளில் ஸ்பைடர் லில்லி என்ற பெயரில் விற்கும் அமெரிக்கச் செடியோடு பலரும் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். அந்தப் பூவின் நடுவில் மகரந்தத் தாள்களை இணைக்கும் மெல்லிய வெள்ளைக் கிண்ணம் இருக்கும். விஷமூங்கில் பூவில் அது இல்லை. மகரந்தத் தாள்கள் கருஞ்சிவப்பாகத் தனித்தனியே நீட்டிக்கொண்டிருக்கும்.

என்னைக் கேட்டால், பூவைவிட விதைதான் வியப்பு. பூ வாடியபின் உருண்டையான பச்சைக் காய்கள் திரளும். பாரம் தாங்காமல் தண்டு சாய்ந்து, தாய்ச்செடியிலிருந்து சற்றுத் தள்ளி அவற்றைத் தரையில் கிடத்திவிடும். காய்க்குள் இருக்கும் விதையைத் தொட்டுப் பாருங்கள்: பெரிதாக, சதைப்பற்றோடு, கோணல்மாணலாக இருக்கும். மற்ற விதைகளுக்கு இருப்பது போன்ற உண்மையான விதையுறை இதற்குக் கிடையாது. மேலே தக்கை போன்ற ஒரு படலம். உள்ளே நீர் நிறைந்த, பச்சையம் உள்ள சதை. முளைப்பதற்கான தண்ணீர் விதைக்குள்ளேயே இருப்பதால், மேசைமேல் சும்மா வைத்தாலும் முளைத்துவிடும். முதலில் தடித்த ஒரு குழல் வெளியே வந்து கீழ்நோக்கி வளரும். அதன் முனையில்தான் புதிய கிழங்கு உருவாகும். தக்கைப் படலம் விதையை மிதக்கவும் வைக்கிறது. இந்தியா, இலங்கைக் கடற்கரைகளில் தொடங்கித் தென்கிழக்கு ஆசியா, ஜப்பானின் தென்பகுதி, பசிபிக் தீவுகள் வரை விஷமூங்கில் பரவியிருப்பதில் கடலோட்டத்துக்குப் பெரும்பங்கு உண்டு. தண்ணீரை உள்ளேயே வைத்திருப்பதற்கு ஒரு விலையும் உண்டு. உலர்த்தி மூட்டை கட்டி வருடக்கணக்கில் வைத்திருக்கக்கூடிய விதை இதுவல்ல.

பெயரில் உள்ள விஷம் பொய்யில்லை. கிழங்கில் லைகோரின் என்னும் அல்கலாய்டு இருக்கிறது. தின்றால் கடும் வாந்தியெடுக்கும். அந்தக் குணத்தையே மருந்தாக்கலாம் என்று 19-ஆம் நூற்றாண்டில் வங்காளத்தில் பணியாற்றிய மருத்துவர் ஓஷாக்னசி பரிந்துரைத்தார். நாட்டு மருத்துவத்தில் இலையில் விளக்கெண்ணெய் தடவி, அனலில் வாட்டி, நகச்சுற்றுக்குக் கட்டும் வழக்கம் உண்டு. வெளிப்பூச்சோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. வெங்காயம் போலிருக்கும் கிழங்கைக் குழந்தைகளும் ஆடுமாடுகளும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

இதே பேரினத்தில் நீருக்குள்ளேயே வாழும் இனங்களும் உண்டு. தாய்லாந்தின் தெற்கில் ரனோங், பங்ஙா ஆகிய இரு மாகாணங்களின் ஓடைகளில் மட்டும் வளர்கிறது கிரைனம் தாயானம். நாடா போன்ற அதன் நீண்ட இலைகள் ஓட்டத்தோடு நெளியும். பூங்கொத்து மட்டும் நீருக்கு மேலே தலைநீட்டும். வெள்ளத் தடுப்புக்காக ஓடைகளைத் தூர்வாரியபோது கிழங்குகளும் மண்ணோடு சேர்ந்து போயின. எஞ்சியவற்றையும் மீன்தொட்டிச் செடியாக விற்பதற்காகப் பிடுங்கினார்கள். 2011-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழியும் நிலையில் உள்ள இனமாக அறிவித்தது. ஓடையைத் தூர்வாருவதே தவறு என்று நான் சொல்லவில்லை. படுகையில் வேரூன்றிய கிழங்குகளைப் பெயர்த்து, வேலை முடிந்ததும் திரும்ப நட்டால் அவை பிழைத்துக்கொள்ளும். அந்தச் சின்ன அக்கறைகூட இல்லாததுதான் வருத்தம்.

வீட்டில் வளர்க்க விஷமூங்கிலைப் போல எளிய செடி குறைவு. பக்கக் கிழங்கைப் பிரித்து, கழுத்துப் பகுதி மண்ணுக்கு மேலே தெரியும்படி நடுங்கள். விதை கிடைத்தால் புதைக்க வேண்டாம். ஈர மண்மேல் வைத்தாலே போதும். நல்ல வெயில் வேண்டும், தொட்டியென்றால் பெரியதாக வேண்டும். கறுப்பு உடலில் வெளிர்நிறப் புள்ளிகளோடு புழுக்கள் கூட்டமாக வந்தால் இலையைக் குடைந்து ஒரே வாரத்தில் சல்லடையாக்கிவிடும். கையுறை போட்டுக்கொண்டு பொறுக்கி எறியுங்கள். கிழங்கு திடமாக இருக்கும்வரை செடி மறுபடி தழைக்கும்.