தைமஸை எடுத்தால் தசைக்குத் தெம்பு வருமா?

காலையில் நன்றாகத் திறந்திருந்த இமை மாலையானால் தொங்கிவிடும். தட்டில் பாதிச் சோறு இருக்கும்போதே மெல்ல முடியாமல் தாடை ஓய்ந்துபோகும். சற்று ஓய்வெடுத்தால் தெம்பு திரும்பும். மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைச் சோர்வு நோயின் போக்கு இது. சோம்பல் என்று வீட்டாரே சொல்லிவிடுவதுதான் இந்த நோயாளிகளுக்கு நேரும் பெருங்கொடுமை.

நரம்பு அனுப்பும் அசிட்டைல்கோலினைத் தசையிலுள்ள ஏற்பிகள் வாங்கிக்கொண்டால்தான் தசை இயங்கும். இந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்கு, உடலின் சொந்த நோய் எதிர்ப்பு மண்டலமே அந்த ஏற்பிகளைத் தாக்குகிறது. இந்தக் கோளாறில் தைமஸுக்குப் பெரும் பங்கு உண்டு. மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சுரப்பி, வயது ஏற ஏறச் சுருங்கிவிட வேண்டியது. இவர்களில் பலருக்கு மிகையாக வளர்ந்திருக்கும். ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு அதில் கட்டியே இருக்கும்.

1936-இல் அமெரிக்க அறுவை நிபுணர் ஆல்ஃபிரட் பிளேலாக், ஓர் இளம்பெண்ணின் தைமஸ் கட்டியை அகற்றினார். அவருடைய தசைச் சோர்வும் தணிந்தது. பிறகு கட்டி இல்லாதவர்களுக்கும் சுரப்பியை எடுத்துப் பார்த்தார். பலர் தேறினார்கள். ஆனால் அது அறுவையால்தானா, மருந்தாலா என்ற வாதம் எண்பது ஆண்டுகள் ஓயவில்லை.

2016-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு அதற்கு விடை சொன்னது. கட்டி இல்லாத 126 நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு ஸ்டீராய்டு மட்டும். மற்றவர்களுக்கு அதனுடன் அறுவையும். மூன்று ஆண்டுகளில், அறுவை செய்துகொண்டவர்களுக்குத் தசைவலு கூடியிருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்த ஸ்டீராய்டின் சராசரி அளவு 60 மில்லிகிராமுக்குப் பதில் 44 ஆக இருந்தது. நோய் முற்றி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 37 சதவீதம் என்பது 9 சதவீதமாகக் குறைந்தது. ஸ்டீராய்டால் சர்க்கரையும் எலும்புத் தேய்மானமும் வந்து அவதிப்படுபவர்களுக்கு இது சிறிய லாபமில்லை.

எல்லோருக்கும் இது பொருந்தாது. கட்டி இருந்தால் பெரும்பாலும் அறுவைதான் வழி. கட்டி இல்லாவிட்டால், ஏற்பிக்கு எதிரான எதிர்ப்பொருள் ரத்தத்தில் உள்ளவர்களுக்கே பலன் அதிகம். மஸ்க் என்ற வேறு வகை எதிர்ப்பொருள் உள்ளவர்களுக்குப் பலன் தெரியவில்லை. மூச்சுவிடவோ விழுங்கவோ திணறும் நிலையில் கத்தி வைக்கக் கூடாது. முதலில் நோயைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். இன்று மார்பெலும்பைப் பிளக்காமல், சிறு துளைகள் வழியாகவும் இந்த அறுவையைச் செய்கிறார்கள்.

பலன் தெரிய மாதங்கள் ஆகலாம், ஆண்டுகளும் ஆகலாம். அதுவரை, அறுவைதான் முடிந்துவிட்டதே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.