பெரியப்பாவால் டைப் பண்ண முடியாத பெயர்



டீம் ரெடி, ஐடியா ரெடி, பிட்ச் டெக்கும் ரெடி. ஸ்டார்ட்அப்புக்குப் பெயர்? அது ஹேக்கத்தான் அன்னைக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு, சப்மிஷனுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி எவனோ ஒருத்தன் சொன்னது. "இப்போதைக்கு இது இருக்கட்டும் மச்சி, அப்புறம் மாத்திக்கலாம்." அந்த "அப்புறம்" வரவே வராது. உங்க டீம்லயும் இதே கதைன்னா, இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

எங்க ஊர் கச்சிராயபாளையம். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போற வழியில, கோமுகி அணைக்குக் கீழே இருக்கு. சர்க்கரை ஆலை இருக்கிறதால சுத்துவட்டாரம் முழுக்கக் கரும்பு. வெட்டுற சமயத்துல ஆள் கிடைக்கிறதுதான் பெரிய பாடு. அதனால வெட்டு ஆட்களையும் டிராக்டரையும் போன்லயே பேசி வைக்க ஒரு ஆப் செஞ்சோம். நாலு பேரும் இங்கிலீஷ் மீடியம். அதனால பெயரும் பக்கா இங்கிலீஷ். ரெண்டு வார்த்தையை ஒட்டி, நடுவுல ஒரு எழுத்தை வேணும்னே தப்பா எழுதி, ரொம்ப ஸ்டைலா வச்சோம்.

ஊர்ல முதல்ல யூஸ் பண்ண வந்தவர் என் பெரியப்பா. பெயரைப் போன்ல சொன்னேன். அவர் பிளே ஸ்டோர்ல மைக்கை அழுத்தி, தனக்குக் கேட்ட மாதிரி சொன்னார். முதல்ல வந்ததை இன்ஸ்டால் பண்ணிட்டார். அது ஒரு கடன் ஆப். ஆதார் கேட்டுச்சு, கொடுத்தார். செல்ஃபி கேட்டுச்சு, எடுத்தார். கான்டாக்ட் எல்லாத்துக்கும் அனுமதி கேட்டுச்சு, அதுக்கும் ஓகே கொடுத்தார். ராத்திரி அதை டெலிட் பண்ணிட்டோம். ஆனா "லோன் வேணுமா சார்"னு ரெண்டு மாசம் போன் வந்துகிட்டே இருந்துச்சு. பெரியப்பா திட்டல. "நீ செஞ்ச ஆப்புன்னு நம்பித்தானேப்பா ஆதார் குடுத்தேன்"னு மட்டும் சொன்னார். திட்டியிருந்தாகூடப் பரவாயில்லை.

அன்னைக்குத்தான் பெயரை மாத்த முடிவு பண்ணோம். அதுக்காகப் படிச்சதையும் தெரிஞ்சுகிட்டதையும் இங்க தர்றேன்.

பெயர் மாத்துறது அவமானமா?

இல்லவே இல்லை. 1996ல அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம்தான் 2009ல ஜோஹோ கார்ப்பரேஷன் ஆனது. சின்ன அலுவலகம், வீட்டு அலுவலகம் என்பதற்கான "சோஹோ" என்ற ஆங்கிலச் சுருக்கத்தைக் கொஞ்சம் திருப்பிப் போட்ட பெயர் அது. ரெண்டே அசை. எந்த ஊர்க்காரரும் சொல்லிடலாம்.

2010ல சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க், 2017ல ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஆனது. காரணம் எளிது. "டெஸ்க்" என்பது வாடிக்கையாளர் உதவிக்கான ஒரே ஒரு மென்பொருளின் பெயர். விற்பனை, சாட் என்று மற்ற மென்பொருள்கள் வந்தபோது அந்தச் சட்டை பத்தலை. 2021ல அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தைக்குப் போனது புதுப் பெயரோடுதான்.

சொமேட்டோவும் 2008ல ஃபுடீபே. 2010ல மாத்தினாங்க. பழைய பெயரின் வால் "இபே" என்ற பெரிய நிறுவனத்தின் பெயராகவே இருந்தது ஒரு காரணம், உணவைத் தாண்டியும் போகணும்னு நினைச்சது இன்னொரு காரணம்.

எனக்குப் பிடிச்சது நம்ம பக்கத்து மாவட்டமான கடலூர்க் கதை. சி.கே.ரங்கநாதன் 1983ல சிக் ஷாம்புவோடு தொழில் தொடங்கினார். "சிக்" வந்தது அவர் அப்பா சின்னிகிருஷ்ணன் பெயரிலிருந்து. நிறுவனத்துக்கு நடுவில் பியூட்டி காஸ்மெடிக்ஸ் என்ற பெயர் இருந்தது. 1998ல அது கெவின்கேர் ஆனது. வெளிநாட்டுப் பெயர் மாதிரி கேட்குதா? அது நம்ம "கவின்". அழகுன்னு அர்த்தம். ஆங்கிலத்தில் எழுதினா சி, கே என்ற அப்பாவின் முதலெழுத்துகளும் உள்ளேயே இருக்கு.

பெயருக்கு நாலு டெஸ்ட்

1. போன் டெஸ்ட். பஸ் சத்தத்துக்கு நடுவுல பெயரை ஒரே ஒரு தடவை சொல்லுங்க. கேட்டவர் எழுதிக் காட்டணும். இங்கதான் தமிழ்ப் பயனாளிகளுக்கான ஸ்பெஷல் சிக்கல் இருக்கு. நம்ம எழுத்துல "க" ஒண்ணுதான். ஆங்கிலத்துல அது கே, ஜி, ஹெச் எதுவாகவும் ஆகலாம். "ப"வும் அப்படித்தான், பி-யா பீ-யான்னு எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. எங்க முதல் யோசனை ஆற்றின் பெயரான "கோமுகி". நாலு பேரை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னோம், நாலு ஸ்பெல்லிங் வந்துச்சு. எங்க ஊர்ப் பெயரே ஒரு போர்டில் "கச்சிராயபாளையம்", இன்னொன்றில் "கச்சிராபாளையம்". பஸ் போர்டுக்கு அது பரவாயில்லை. டொமைனுக்கு ஒரு எழுத்து மாறினாலும் வேற வீடு.

2. மைக் டெஸ்ட். தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் வாய்ஸ் சர்ச் பண்ணிப் பாருங்க. வேணும்னே ஸ்பெல்லிங்கைக் கெடுத்த பெயர்கள் இதில் செத்துடும், ஏன்னா போன் சரியான ஸ்பெல்லிங்கைத்தான் தேடும். எங்க பெயர் செத்தது இங்கதான்.

3. அஞ்சு வருஷ டெஸ்ட். இன்னைக்குக் கரும்பு. நாளைக்கு மரவள்ளி, நெல்லுன்னு போனா பெயர் தாங்குமா? பொருளையே பெயரா வைக்காதீங்க.

4. சட்ட டெஸ்ட். இதைத்தான் எல்லாரும் கடைசிக்குத் தள்ளுவோம். கம்பெனி பதிவு வேற, டிரேட்மார்க் வேற. ஒண்ணு கிடைச்சா இன்னொண்ணும் கிடைச்ச மாதிரின்னு நினைக்காதீங்க.

கம்பெனிப் பெயருக்கு மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் "ஸ்பைஸ் பிளஸ்" படிவத்தின் முதல் பகுதியில் விண்ணப்பிக்கணும். கட்டணம் 1000 ரூபாய், ரெண்டு பெயர் வரைக்கும் கொடுக்கலாம். ஒப்புதல் கிடைச்சா அந்தப் பெயர் 20 நாள் உங்களுக்காகக் காத்திருக்கும். ஏற்கெனவே பதிவான பெயருடன் ஒரு "எஸ்" சேர்ப்பது, இடைவெளி விடுவது, ஸ்பெல்லிங்கை மாத்துவது, எண்ணையோ ஊர்ப் பெயரையோ ஒட்டுவது எல்லாம் செல்லாது. விதி இதையெல்லாம் கழிச்சுட்டுத்தான் ரெண்டு பெயரும் ஒண்ணான்னு பார்க்கும். "கச்சிராயபாளையம்"னு பின்னாடி சேர்த்துத் தப்பிக்கலாம்னு பார்த்தோம். நடக்கல.

டிரேட்மார்க்கில் பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கு. தனிநபருக்கும் அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்புக்கும் ஆன்லைன் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4500 ரூபாய், பெரிய நிறுவனங்களுக்கு 9000. பதிவு 10 வருஷம் செல்லும், அப்புறம் புதுப்பிக்கலாம். "கரும்பு வெட்டு" மாதிரி செய்யும் வேலையை அப்படியே சொல்ற பெயருக்கு, 1999ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் 9ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். அந்தச் சொல் ஊருக்கே பொது, ஒருத்தர் மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது என்பதுதான் அதன் நியாயம். அந்தத் தளத்தில் ஒலி ஒற்றுமையை வச்சும் இலவசமாத் தேடலாம். அதை மட்டும் மறக்காதீங்க, பெரியப்பா மாதிரி ஆட்கள் காதால்தான் தேடுறாங்க.

எப்ப மாத்தணும்?

எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பதிவான கம்பெனி பெயர் மாத்தணும்னா சிறப்புத் தீர்மானம், அரசு ஒப்புதல், புதுச் சான்றிதழ்னு வேலை நீளும். அதுக்கப்புறமும் 2 வருஷத்துக்குப் பழைய பெயரையும் புதுப் பெயரோடு சேர்த்துப் போட்டாகணும். இது தவிர பேங்க் அக்கவுன்ட், ஜிஎஸ்டி, பான் எல்லாத்திலும் திருத்தம். கம்பெனி ஆகாத மாணவர் டீமுக்கு செலவு? புது லோகோவும், வாட்ஸ்அப் குரூப் பெயரும்தான்.

எங்க புதுப் பெயர் என்னன்னு கேட்கிறீங்களா? சொல்ல மாட்டேன். இன்னும் டிரேட்மார்க் விண்ணப்பம் போடல, டொமைனும் வாங்கல. வாங்குறதுக்கு முன்னாடி பெயரை ஊருக்கெல்லாம் சொல்லாதீங்கன்னு உங்களுக்குச் சொல்லிட்டு நானே எழுதினா எப்படி? ஒண்ணு மட்டும் சொல்றேன். தமிழ்ச் சொல், மூணு எழுத்து, "க"வும் இல்லை "ப"வும் இல்லை. போன வாரம் பெரியப்பாவுக்குப் போன் பண்ணி ஒரே ஒரு தடவை சொன்னேன். டைப் பண்ணி ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார். சரியா இருந்துச்சு. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "இதுல ஆதார் கேக்காதுல்ல?"

கேட்காது பெரியப்பா.

இப்ப உங்க முறை. இந்தப் பக்கத்தை மூடிட்டு வீட்டுக்கு ஒரு போன் போடுங்க. உங்க ஸ்டார்ட்அப் பெயரை ஒரு தடவை சொல்லி, எழுதி அனுப்பச் சொல்லுங்க. என்ன வருதுன்னு பாருங்க.