இமைக்கு முடி ஒட்டும் தொழில்: கைத்திறனும் வேண்டும், கண்ணில் கவனமும் வேண்டும்!

"கண்ணை இமை காப்பதுபோல" என்பது நம்மவர் பேச்சு. அந்த இமையையே காக்கவேண்டிய ஒரு தொழில் இன்று பெருநகரங்களில் வளர்ந்திருக்கிறது. அதுதான் இமை முடி ஒட்டும் தொழில். பார்லர்களில் இதை 'ஐலாஷ் எக்ஸ்டென்ஷன்' என்கிறார்கள்.

மும்பையில் கல்யாணப் பெண்களும், சினிமா, டெலிவிஷன் துறையினரும், ஆபீசுக்குப் போகும் பெண்களும் இதைச் செய்துகொள்கிறார்கள். தாராவி, சயான், செம்பூர் பகுதித் தமிழ்க் குடும்பங்களில் பியூட்டி பார்லர் வேலை கற்கும் பெண்கள் உண்டு. புருவம் திருத்தவும் முடி வெட்டவும் கற்றவர்களுக்கு அடுத்த படி இது. ஆனால் மருதாணி கோணினால் சில நாளில் அழிந்துவிடும். இங்கே ஒரு சொட்டுப் பசை தவறினால் கெடுவது கண்!

சினிமாவில் பிறந்தது

ஒட்டு இமை புதியது அல்ல. 1911-ல் அன்னா டெய்லர் என்ற கனடா நாட்டுப் பெண்மணி செயற்கை இமை முடிக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். 1916-ல் வெளிவந்த 'இன்டாலரன்ஸ்' என்ற மௌனப் படத்துக்காக டைரக்டர் கிரிபித், நடிகை சீனா ஓவனுக்கு நீண்ட இமை முடி வைக்கச் செய்தார். மெல்லிய வலைத் துணியில் மனித முடியை நெய்து ஒட்டினார்கள். சீனா ஓவனின் கண்கள் வீங்கிப்போயின என்று உடன் நடித்த லிலியன் கிஷ் பின்னாளில் எழுதியிருக்கிறார். அழகும் ஆபத்தும் அன்றே சேர்ந்து வந்தன.

1933-ல் அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்ற இமைச் சாயம் விற்பனைக்கு வந்தது. அதைப் பூசிக்கொண்ட பெண்கள் சிலர் கண் பாதிக்கப்பட்டார்கள். பார்வையையே இழந்தவரும் உண்டு. இத்தகைய கொடுமைகளைக் கண்டுதான் 1938-ல் அந்நாட்டில் அழகுப் பொருள்களையும் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது.

முன்பெல்லாம் நடிகைகள் இமையின் ஓரத்தோலில் ஒரு பட்டையாக ஒட்டி, இரவில் எடுத்துவிடுவார்கள். இப்போதைய முறையில் ஒவ்வொரு சொந்த முடியின் மேலும் ஒரு செயற்கை முடியைத் தனித்தனியே ஒட்டுகிறார்கள். கொரியாவிலும் ஜப்பானிலும் பெருகி உலகெங்கும் பரவிய முறை இது.

இயற்கை வைத்த அளவு

மேல் இமையில் ஏறத்தாழ 100 முதல் 150 முடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் வளர்ந்து, நின்று, சில மாதங்களில் தானே உதிரும். ஒட்டிய முடியும் அதனோடு சேர்ந்தே போகும். அதனால்தான் இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை இடைவெளியை நிரப்ப வேண்டியிருக்கிறது.

இமை முடி அழகுக்கு மட்டும் அல்ல. அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக ஆராய்ச்சியாளர்கள் 22 வகை விலங்குகளின் இமை முடியை அளந்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். கண்ணின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு நீளம் இருந்தால் கண்ணில் காற்றும் தூசியும் குறைவாகப் படும். ஈரமும் சீக்கிரம் காயாது. அதற்கு மேல் நீண்டால் பலன் குறையும். ஆகவே "இன்னும் நீளம், இன்னும் நீளம்" என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு, "போதும் அம்மா" என்று சொல்லத் தெரிந்தவரே நல்ல தொழிலாளி.

என்னென்ன கருவிகள்?

செயற்கை முடி பெரும்பாலும் ஒருவகை பாலியெஸ்டர் இழை. 'மிங்க்' என்று பெயர் போட்டு விற்பதில் பெரும்பகுதியும் இதுவே. கனம் 0.03 மில்லிமீட்டரிலிருந்து 0.20 வரை, நீளம் பொதுவாக 8 முதல் 15 மி.மீ. வரை. வளைவுக்கு ஜே, பி, சி, டி என்று எழுத்துப் பெயர்கள். ஜே அதிகம் வளையாதது. டி நன்றாக மேலே சுருண்டு நிற்பது.

இரண்டு சாமணங்கள் வேண்டும். ஒன்று நேரானது, மற்றொன்று வளைந்தது. தட்டானின் கை போலப் பதறாத கை வேண்டும். நிழல் விழாத விளக்கும், பூதக்கண்ணாடியும் வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியம் பசை. அது 'சயனோஅக்ரிலேட்' என்ற ரசாயனம். 1942-ல் ஹாரி கூவர் என்ற அமெரிக்க விஞ்ஞானி துப்பாக்கியின் குறிபார்க்கும் கருவிக்குப் பிளாஸ்டிக் தேடியபோது தற்செயலாகக் கிடைத்தது. உடைந்த சாமானை ஒட்ட வீட்டில் வாங்கும் சிறு டியூப் பசையும் இதே குடும்பம்தான். அதற்காக அந்த டியூபை இமையில் வைத்துவிடக் கூடாது! இமைக்கென்று தயாரித்த பசையை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

செய்முறை

முதல் வேலை ஒட்டுவது அல்ல, சோதிப்பது. ஒரு நாள் அல்லது இரண்டு நாள் முன்னதாகவே சிறிது பசையை வைத்து அரிப்பு, சிவப்பு வருகிறதா என்று பார்க்க வேண்டும். கண்வலி, இமை வீக்கம், சமீபத்தில் கண் ஆபரேஷன் ஆனவர்களுக்கு இதைச் செய்யலாகாது.

வாடிக்கையாளர் கண்ணுக்குள் அணியும் காண்டாக்ட் லென்சை எடுத்துவிட வேண்டும். மை, எண்ணெய்ப் பசை போக இமையைச் சுத்தம் செய்து உலர்த்த வேண்டும். பிறகு அவரை மல்லாந்து படுக்க வைத்து, கீழ் இமை முடிகளை ஜெல் பட்டையால் மூட வேண்டும். அதற்குப் பிறகு வேலை முடியும்வரை கண் திறக்கக் கூடாது.

அந்தப் பட்டையின் மேலேயே நீளங்களைக் குறித்துக்கொள்வார்கள். மூக்கின் பக்கம் 8 அல்லது 9 மி.மீ.; நடுவில் 10, 11; ஓரத்தில் கண்ணின் அமைப்புக்கு ஏற்ப.

இடது கைச் சாமணத்தால் முடிகளை விலக்கி, ஒரே ஒரு முடியைத் தனியே நிறுத்த வேண்டும். இந்தத் தொழிலின் உயிர்நாடி இதுதான். வலது கைச் சாமணத்தால் செயற்கை முடியை எடுத்து, அடிப்பாகத்தை மட்டும் பசையில் தொட்டு, சொந்த முடியின்மேல் வைக்க வேண்டும். இமைத் தோலிலிருந்து அரை முதல் ஒரு மி.மீ. தள்ளி வைக்க வேண்டும். தோலில் ஒட்டக் கூடாது.

இரண்டு முடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் ஒன்று வளர, மற்றது இழுபடும். வலிக்கும், வேரோடு பிடுங்கும். அதனால் அடிக்கடி சாமண நுனியால் பிரித்துப் பார்க்க வேண்டும். இரு கண்ணுக்கும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஆகலாம். "முக்கால் மணியில் முடித்துத் தருகிறோம்" என்று யாராவது சொன்னால், எதைத் தவிர்த்து நேரத்தை மிச்சம் பிடிக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

மும்பை மழையும் பசையும்

மற்றப் பசைகள் காய்ந்தால் இறுகும். இது ஈரத்தால் இறுகுவது! காற்றில் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம் இருந்தால் நன்றாக வேலை செய்யும். மும்பையில் ஜூலை மாதம் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். அப்போது முடியை வைக்கும் முன்பே பசை இறுகிவிடும், பிடிப்பு குறைந்து சீக்கிரம் உதிரும், நெடியும் கூடும். ஆகவே ஏ.சி.யும், ஈரப்பதம் காட்டும் சிறு கருவியும் அவசியம். மழைக்காலத்தில் மெதுவாக இறுகும் பசையை எடுக்க வேண்டும். 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை புதிய சொட்டு வைக்க வேண்டும்.

ஆபத்துகள்

ஜப்பானிய டாக்டர்கள் 2012-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், முடி ஒட்டியபின் கண் நோயோடு வந்த பெண்களைப் பரிசோதித்தார்கள். கருவிழி அழற்சியும் இமை ஒவ்வாமையும் காணப்பட்டன. சோதித்த பசைகளில் பார்மால்டிஹைடு இருந்தது தெரிந்தது. அந்நாட்டு அரசு அதற்கு முன்பே, 2008-ல், லைசென்ஸ் பெற்ற அழகுக் கலைஞர்தான் இந்த வேலையைச் செய்யலாம் என்று அறிவித்திருந்தது.

பசை கண்ணில் பட்டால் இமையைப் பலவந்தமாகப் பிரிக்கக் கூடாது. நிறையத் தண்ணீரால் கழுவி, உடனே கண் டாக்டரிடம் போக வேண்டும். ஒட்டிய முடியைக் கையால் பிய்ப்பதும் கூடாது; அதற்கென்று உள்ள கரைப்பானைப் பூசித்தான் எடுக்க வேண்டும்.

முதல் நாள் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வது வழக்கம். எண்ணெய் பசையின் பிடியைத் தளர்த்தும் என்பதால், தீபாவளிக்கு முடி ஒட்டிக்கொண்டு கங்கா ஸ்நானத்துக்கு எண்ணெய் தேய்த்தால் காசு வீண்! அதே சமயம், உதிர்ந்துவிடுமே என்று பயந்து கண்ணைக் கழுவாமலே இருப்பதும் தவறு. அழுக்கு சேர்ந்து இமை வீங்கும்.

செய்பவருக்கும் கெடுதி உண்டு. நாள் முழுதும் குனிந்திருப்பதால் கழுத்தும் முதுகும் வலிக்கும். பசை நெடியால் சிலருக்கு ஆஸ்துமா வரும். முகமூடியும் காற்றோட்டமும் வேண்டும் என்று முதலாளியிடம் கேட்பது உரிமை, சலுகை அல்ல.

வெளிமாநிலத்தவருக்கும் உரிமை உண்டு

சினிமா மேக்கப் தொழிலில் பெண்ணுக்கு இடம் கிடைத்ததே ஒரு வழக்கால்தான். மும்பை சினிமாவில் ஆண்கள் மேக்கப் போடலாம். பெண்கள் தலையலங்காரம் மட்டும் செய்யலாம் என்பது பல ஆண்டுக் கட்டுப்பாடு. மேக்கப் கலைஞர்களின் தொழிற்சங்கம் பெண்களுக்கு அந்த அட்டையைத் தர மறுத்தது. மராட்டிய மாநிலத்தில் 5 ஆண்டு வசித்திருக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது.

சாரு குரானா என்ற மேக்கப் கலைஞரும் மற்றவர்களும் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 2014 நவம்பர் 10-ந் தேதி நீதிபதிகள் தீபக் மிஸ்ரா, யு.யு.லலித் ஆகியோர் அந்த விதிகள் செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள். பெண் என்பதாலும், வெளிமாநிலத்தவர் என்பதாலும் ஒருவரின் பிழைப்பைத் தடுக்க முடியாது என்பதே அதன் சாரம். ஊர் விட்டு ஊர் வந்து உழைக்கும் தமிழர்கள் நினைவில் வைக்கவேண்டிய தீர்ப்பு இது.

பெற்றோர் கவனத்துக்கு

ஐ.டி.ஐ.களில் 'காஸ்மெட்டாலஜி' என்ற ஓராண்டுப் படிப்பு இருக்கிறது. தோல், முடி, சுத்தம் பற்றிய அடிப்படையை அங்கே கற்றபின் இமை வேலைக்கு வருவது நல்லது. தனியார் வகுப்பில் மகளைச் சேர்ப்பவர்கள் பணம் கட்டுமுன் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். பொம்மைத் தலையில் எத்தனை நாள் பழக்குவார்கள்? ஆசிரியை பக்கத்தில் நிற்க, உயிருள்ள கண்ணில் எத்தனை முறை செய்ய விடுவார்கள்? சாமணத்தை எப்படிக் கிருமி நீக்குகிறார்கள்? பசை கண்ணில் பட்டால் என்ன செய்யச் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

நான்குக்கும் தெளிவான பதில் வந்தால் சேர்க்கலாம். சுவரில் மாட்டியிருக்கும் சர்டிபிகேட்டை மட்டும் காட்டினால், வேறு இடம் பார்ப்பதே நலம்.